மச்சான் கொடுத்ததாகச் சொன்ன ரத்தம்

என் மனைவியின் உடம்பில் நீலநீலமாகக் கன்றிப்போன அடையாளங்கள் தெரிய ஆரம்பித்தபோது, மேட்டூரில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். நான் அவளை அடிக்கிறேன் என்பதுதான் அந்த முடிவு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அணை ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அப்போது முப்பது வயது. ரசத்தில் உப்புக் குறைந்தால் நான் போடும் சத்தம் நாலு வீடு தாண்டிக் கேட்கும். வாய்தான் நீளம், கை ஒருநாளும் நீண்டதில்லை. அதை வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

"எங்க இடிச்சுக்கிட்ட?" என்று அவளிடமே கேட்டேன்.

"இடிச்ச மாதிரியே தெரியலீங்க. கொடத்தை இடுப்புல வெச்ச எடங்கூடக் கன்னிப்போவுது" என்றாள்.

கூடவே காய்ச்சலும் வந்தது. மேட்டூரில் காய்ச்சல் என்றால் மலேரியாதான். அணை கட்டிய நாளிலிருந்து அங்கே வேலைக்கு வந்தவர்களில் அது தொடாத ஆள் கிடையாது. வேறு காய்ச்சல் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே நாங்கள் மறந்துவிட்டிருந்தோம். டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் நாக்கைக்கூடப் பார்க்காமல் கொயினா எழுதிவிடுவார். யுத்த காலம், ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்ததிலிருந்து கொயினா குதிரைக்கொம்பாகியிருந்தது. நான் ஆபீஸில் யார் யாரிடமோ பல்லைக் காட்டி இரண்டு வாரத்துக்கான மாத்திரையைச் சேர்த்துவிட்டேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைப்பு. மலேரியாவுக்கு நடுக்கம் வரும், போர்வை மேல் போர்வையாகப் போர்த்த வேண்டியிருக்கும். இவளுக்கு நடுக்கமே வரவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

அப்புறம் ஈறு வீங்கியது. பல்லில் பாதியை ஈறே மூடிக்கொண்டது. வேப்பங்குச்சியால் பல் துலக்கினால் துப்புவதெல்லாம் ரத்தம். முகம் அரிசி களைந்த தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அண்ணன் ஊரிலிருந்து வந்தார்.

அவர்கள் ஊர் புதுச்சத்திரத்துக்குப் பக்கம். சோளமும் கடலையும் போடுகிற குடும்பம். தாய் தகப்பன் போய்விட்ட பிறகு அவளுக்கு எல்லாம் அந்த அண்ணன்தான். பை நிறையக் கடலையோடு உள்ளே வந்தவர், தங்கையின் கையைப் பார்த்தார். பையை இறக்கி வைக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாப்ள, எம் பொறந்தவ மேல கை நீட்டுனீங்களா?"

பாயில் படுத்திருந்தவள்தான் சிரித்தாள். "இல்லீங்ணா. அவரு கத்தத்தான் கத்துவாரு. அடிக்கற அளவுக்குக் கையில வலுவெல்லாம் கெடையாதுங்ணா."

மறுநாள் காலையில் மூன்று பேரும் பஸ் ஏறினோம். பெட்ரோல் கிடைக்காததால் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய பஸ் அது. ஜலகண்டாபுரம் மேட்டில் ஆண்களை எல்லாம் இறக்கித் தள்ளச் சொன்னார்கள். நானும் மச்சானும் தள்ளினோம். மத்தியானத்துக்கு மேல் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கிருந்த டாக்டர் தலை நரைத்தவர், அதிகம் பேசாதவர். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். இரண்டு நாள் கழித்து என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "நீர் படித்தவர்தானே, பாரும்" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. அப்புறம் சாயம் ஏற்றிய பெரிய பெரிய நீல உருண்டைகள், எல்லாம் ஒரே மாதிரி, கண்ணாடி முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தன.

"இவ்வளவு இருக்கக் கூடாது. இத்தனை பெரிதாகவும் இருக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

அவள் பிறந்த வீட்டில் என்ன விவசாயம் என்று கேட்டார். கடலை என்றேன். "நல்லது. காடு முழுக்கக் கடலை முளைக்கிறது. ஆனால் ஒரு செடியும் காய் பிடிக்கவில்லை. கொடியாகவே படர்ந்துகொண்டு போகிறது. வேறு எதற்கும் இடம் விடவில்லை. என்ன ஆகும்?"

அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் எனக்குப் புரியவைத்தார். ரத்தம் ஊறுவது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். சிவப்பு அணு, வெள்ளை அணு, ரத்தத்தை உறையவைக்கும் சின்னத் துணுக்கு, மூன்றும் அங்கேதான் பிறக்கின்றன. இவளுக்கு வெள்ளை அணு மட்டும் முற்றாமல், பிஞ்சாகவே, அடங்காமல் பெருகுகிறது. அது இடத்தை அடைத்துக்கொண்டதால் சிவப்பு அணு பிறக்க வழியில்லை. அதனால்தான் இந்த வெளுப்பும் மூச்சு வாங்குவதும். உறையவைக்கும் துணுக்கு இல்லை. அதனால் கன்றலும் ஈறில் ரத்தமும். வெள்ளை அணு இத்தனை இருந்தும் ஒன்றுகூட வேலை தெரிந்தது இல்லை, நோயை எதிர்க்க ஆள் கிடையாது; அதனால் காய்ச்சல். மலேரியாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னார். லுக்கீமியா என்று தமிழ் எழுத்தில் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டேன்.

"மருந்து?"

"இதில் மெதுவாகப் போகும் வகை ஒன்று உண்டு. அதற்குப் பாஷாணத்தைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறோம், எக்ஸ்ரே ஒளி காட்டுகிறோம். சில வருஷம் தாங்குவார்கள். இது வேகமாகப் போகும் வகை. இதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை."

அந்தப் பாஷாணத்தையாவது கொடுங்கள் என்று மேஜையைத் தட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கொடுத்தால் இருக்கிற நாளும் குறையும்" என்றார். பிறகு, "ரத்தம் ஏற்றலாம். நோய் போகாது. நாள் கிடைக்கும். பத்து நாள், பதினைந்து நாள். சேருகிற ரத்தம் வேண்டும்" என்றார்.

அவளுக்கு அப்போது இருபத்து நாலு வயது. கல்யாணமாகி நாலு வருஷம். குழந்தை இல்லை. பதினைந்து நாள் என்றால் பதினைந்து நாள், கொடுங்கள் என்றேன்.

மச்சான் முதலில் கையை நீட்டினார். கண்ணாடியில் அவர் ரத்தத்தையும் அவள் ரத்தத்தையும் கலந்து பார்த்தார்கள். பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாகிவிட்டது. என்னுடையது அப்படியே கலந்து நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பரீட்சையில் தேறிய பையன் போல வார்டுக்கு ஓடி அவளிடம் சொன்னேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "வேண்டாமுங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேசும்போது முதல் கேள்வியே எந்தக் கூட்டம் என்பதுதான். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் முன்பின் பார்த்திராதவர்களாக இருந்தாலும் பங்காளிகள். ஆணும் பெண்ணுமானால் அண்ணன் தங்கை. அதற்குள் கல்யாணம் கிடையாது. கட்டிக்கொண்டு வந்த பெண் கணவனின் கோயிலுக்குப் பொங்கல் வைப்பாள், ஆனால் அவள் ரத்தம் பிறந்த கூட்டத்து ரத்தம்தான். இது அவளுக்கு யாரும் பாடம் சொல்லித் தெரிந்ததல்ல, மூச்சு விடுவது போலத் தெரிந்தது.

"உங்க ரத்தம் எம் மேல ஏறுனா நான் உங்க கூட்டத்துல பொறந்தவ மாதிரி ஆயிருவனுங்க. உங்களுக்குத் தங்கச்சி. அப்பறம் இந்தத் தாலி எதுக்குங்க?"

நான் கத்தினேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரத்தத்தில் கூட்டமும் இல்லை குலமும் இல்லை, உன் கூடப் பிறந்தவன் ரத்தமே உனக்குச் சேரவில்லையே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். நல்ல வேளை, கோபத்தில் அது வாயில் வரவில்லை. வந்திருந்தால் பின்னால் சொன்ன பொய்க்கு வழியே இல்லாமல் போயிருக்கும். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஊட்டுக்குப் போலாமுங்க" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வேப்பமரத்தடியில் மச்சான் குந்தியிருந்தார். அவரிடம் கொட்டினேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், "அவ சொல்றதும் நெசந்தானுங்களே மாப்ள" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

"என்னுதுன்னு சொல்லிப்போடலாமுங்க. உங்களுத ஏத்தட்டும். பாவம் வந்தா எனக்கு வந்துட்டுப் போகட்டும்."

அப்போது அதை ஒரு நல்ல யோசனை என்று மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். அவர் பாவம் என்பதை உண்மையாகவே நம்பினவர். தங்கைக்குச் செய்யக் கூடாத ஒன்றைச் செய்கிறோம், அதன் பலன் தன் தலையில் விழும் என்று தெரிந்தே சொன்னார். நான் எதையும் நம்பாதவன். எனக்கு அந்தப் பொய் ஓசியில் கிடைத்தது.

நர்ஸம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஏற்பாடு செய்தோம். பக்கத்து அறையில் பெஞ்சில் என்னைப் படுக்க வைத்து முழங்கை மடிப்பில் ஊசி ஏற்றினார்கள். உறையாமலிருக்க ஏதோ மருந்துத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குடுவையில் ரத்தம் இறங்கியது. அதை வலைத்துணியில் வடிகட்டி, ரப்பர் குழாய் வழியாக வார்டில் அவளுக்கு ஏற்றினார்கள். மச்சானின் இடது கைக்கு ஒன்றுமில்லாமலே ஒரு கட்டுப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார வைத்தோம். என் கையில் இருந்த நிஜக் கட்டை மறைக்க நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன். பங்குனி மாதம், சேலத்து வெயில். நனைந்த கோழி போல உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே அவள் உதட்டில் நிறம் வந்தது. மூன்றாம் நாள் கம்பஞ்சோறும் தயிரும் கேட்டாள். எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் அம்மாளோடு ஊர்க் கதை எல்லாம் பேசினாள். அண்ணனைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். அதைக் கண்டு எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

மச்சானுக்கு நடிக்க வராது. கட்டுப் போட்ட கையாலேயே தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நர்ஸம்மா கட்டை மாற்றியபோது வலது கையை நீட்டிவிட்டார். அன்று முழுக்கக் கட்டு அந்தக் கையில் இருந்தது. வெளியே கூட்டிப் போய் நான் சத்தம் போட்டேன். "எந்தக் கைன்னு மறந்துபோச்சுங்க மாப்ள" என்றார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கவனிக்கவில்லை என்று நினைத்து இரண்டு பேரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம்.

டாக்டர் சொன்னபடியே நடந்தது. பத்தாம் நாள் மறுபடி வெளுக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டாம் நாள் இரண்டாவது தடவை ஏற்றினார்கள். அதே பெஞ்சு, அதே முழுக்கைச் சட்டை, மச்சான் கையில் அதே கட்டு. இந்த முறை நிறம் முன்போல ஏறவில்லை, ஆனாலும் உட்கார்ந்து பேசினாள்.

என் அக்கா மகன் இப்போது மதராஸில் டாக்டர். நாலைந்து வருஷத்துக்கு முன் அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். ஈறு வீங்கியதைக் கேட்டவுடன், "அது மைலாய்டு வகையா இருந்திருக்கும் மாமா" என்றான். இப்போது அதற்கு மருந்து இருக்கிறதாம். ஏழு நாள் ஒரு மருந்தை நரம்பில் இறக்குவார்களாம், அதில் மூன்று நாள் இன்னொரு மருந்தும் சேருமாம். காடு முழுக்கப் படர்ந்த கொடியை அடியோடு அழித்துவிட்டு, நல்ல விதை மறுபடி முளைக்கிறதா என்று காத்திருப்பது போல. அந்த நாட்களில் ஆள் பாதி செத்துப் பிழைப்பான், முடி கொட்டும், ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், எல்லோரும் பிழைப்பதில்லை, பிழைத்தவர்களுக்கும் திரும்பி வருவது உண்டு என்றான். சிலருக்கு வேறு ஒருவர் மஜ்ஜையை எடுத்து ஏற்றுகிறார்களாம். யாருடையது சேரும் என்று கேட்டேன். கூடப் பிறந்தவர்களுடையதைத்தான் முதலில் பார்ப்பார்களாம். ரத்தம் சேராவிட்டாலும் மஜ்ஜை சேரலாமாம். மச்சான் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிவிட்டது. அவர் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது ரத்தம் ஏற்றிப் பத்து நாள் ஆனபோது ஊர்ப் பக்கம் கோடை மழை பெய்ததாகச் செய்தி வந்தது. உழவு ஓட்டிவிட்டு நாலு நாளில் வாரேன் என்று மச்சான் கிளம்பினார். அவர் போன மறுநாளே அவளுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. பஞ்சு வைத்து அடைத்தும் நிற்கவில்லை. காய்ச்சல் கொதித்தது. காலையில் பார்க்க வந்த டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். "இன்னொரு தடவை ஏற்றினால் ஒருவேளை சில நாள் தாங்கும். இன்றைக்கே செய்ய வேண்டும். உம் உடம்பிலும் அதிகம் மிச்சமில்லை, யோசித்துச் சொல்லும்."

என் உடம்பைப் பற்றி நான் யோசிக்கவில்லை. யோசித்தது அந்தப் பொய்யைப் பற்றி. மச்சான் ஊரில் இருக்கிறார். இப்போது யார் ரத்தம் என்று சொல்வது? ஆளை அனுப்பி அவரைக் கூட்டி வர ஒரு நாளாகும். அவர் வரும் வரை பொறுத்தால் அவள் பொறுப்பாளா? உண்மையைச் சொன்னால் ஊசியைப் பிடுங்கிப் போடுவாளா? இவ்வளவு நாள் அவளைப் பிழைக்க வைத்த பொய் இப்போது குறுக்கே வந்து நின்றது. ஆளை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு அவளிடம் போனேன். "அண்ணனுக்குச் சொல்லி விடறேன். நாளைக்கு வந்துருவாரு. வந்ததும் ஏத்திரலாம்" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் எதுக்குங்க? நீங்கதான் இங்க இருக்கறீங்களே" என்றாள்.

நான் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"மொதல் வாட்டியே தெரியுமுங்க. இந்த வேகாத வெய்யல்ல முழுக்கைச் சட்டைய எவனாச்சும் போடுவானுங்களா? அண்ணன் ஒரு நாளைக்கு ஒரு கையில கட்டுப் போட்டுக்கிட்டு வருது."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "தெரியும்னு சொன்னா வேண்டாம்னும் சொல்லோணுமில்லீங்க. எனக்கு உசுரோட இருக்கோணும்னு நெம்ப ஆசையா இருந்துச்சுங்க. அதான் தெரியாத மாதிரியே படுத்துக்கிட்டேன்."

நான் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன். அழுகைக்கு நடுவில் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "தங்கச்சியாப் போயிருவேன்னியே?"

"ரெண்டு வாட்டி ஏத்தியாச்சு. நீங்க எம் மேல கத்தறது கொறையவே இல்லீங்களே. எந்த அண்ணன் தங்கச்சிகிட்ட இப்படிக் கத்துவானுங்க?" என்றாள். சிரிக்கப் போனவளுக்கு ஈறில் ரத்தம் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "சட்டையக் கழட்டிப்போட்டு வாங்க. எனக்கு முன்னாலயே எடுக்கச் சொல்லுங்க."

அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார்கள். பனியனோடு படுத்துக் கையை நீட்டினேன். டாக்டரே ஊசி ஏற்றினார். ரத்தம் சீக்கிரத்தில் இறங்கவில்லை. குடுவை நிறைகிற வரை அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதுங்களா?"

"இல்ல" என்றேன்.

பக்கத்துக் கட்டில் அம்மாள் தலையைத் தூக்கி என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே இவள் சொன்னாள்: "எங்கூட்டுக்காரரு ரத்தமுங்க. மொத ரெண்டு வாட்டியும் அவருதானுங்க குடுத்தாரு."

அந்த ரத்தம் ஐந்து நாள் தாங்கியது. நினைவு இருந்தவரைக்கும், மருந்து கொடுக்க வந்த நர்ஸம்மாவிடமும், பெருக்க வந்தவளிடமும், செய்தி கேட்டு, மழையில் உழுத சேற்றுக் காலோடு ஓடி வந்து நின்ற மச்சானிடமும் அதையே சொன்னாள். ஆறாம் நாள் மத்தியானம் போய்விட்டாள்.